கோயிலில் இறக்கிய முடி... நியூயார்க் தெருவில் எரிந்த விக்! - ஒரு வேதச் சட்டத்தின் கதை

2004-ம் ஆண்டு, மே மாதம். அமெரிக்காவின் நியூயார்க் நகரில், ப்ரூக்லின் பகுதியில் இருக்கும் வில்லியம்ஸ்பர்க். யூதர்கள் நெருக்கமாக வாழும் இடம். அங்கே தெருவில் தீ மூட்டி, ஒவ்வொன்றாக எதையோ போட்டு எரிக்கிறார்கள். எரிந்தது பழைய துணியோ குப்பையோ இல்லை. பெண்கள் தலையில் வைக்கும் விக். அவற்றில் பல, ஆயிரம் டாலருக்கும் மேல் கொடுத்து வாங்கியவை. அதே நாள்களில் இஸ்ரேலிலும் இதே காட்சி.

காரணம் என்ன தெரியுமா? அந்த விக்குகளில் இருந்தது இந்தியப் பெண்களின் கூந்தல். கோயிலில் மொட்டை போட்டு, காணிக்கையாகக் கொடுத்த கூந்தலாக அது இருக்கலாம் என்ற சந்தேகம்.

கொங்குப் பக்கத்தில் பழநிக்கு முடி இறக்காத குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். குழந்தைக்குக் காய்ச்சல் விடவில்லையா, மகளுக்கு வரன் அமையவில்லையா, "உனக்கு வந்து முடி எறக்கறேன் முருகா" என்று வேண்டிக்கொள்வது நம் வீடுகளில் சர்வ சாதாரணம். பொள்ளாச்சி, உடுமலை வழியாக பஸ் பிடித்தோ, தைப்பூசத்துக்குப் பாதயாத்திரையாக நடந்தோ போய் வேண்டுதலை முடித்துவிட்டு, தலையில் சந்தனத்தோடு வீடு திரும்பிவிடுவோம். இறக்கிய முடி அதற்குப் பிறகு எங்கே போகிறது என்று நாம் யோசிப்பதில்லை. ஆனால், ஜெருசலேமில் 94 வயதான ஒரு மதகுரு அதை யோசித்தார். அவர் சொன்ன ஒரு தீர்ப்புதான் அந்தத் தீயைப் பற்றவைத்தது.

613 கட்டளைகள்

யூதர்களின் வேதத்துக்குப் பெயர் தோரா. பைபிளின் பழைய ஏற்பாட்டில் வரும் முதல் 5 புத்தகங்கள்தான் அது. அதில் மொத்தம் 613 கட்டளைகள் இருப்பதாக யூத மரபு கணக்கு சொல்கிறது. 'செய்' என்று சொல்பவை 248. 'செய்யாதே' என்று சொல்பவை 365.

முதல்முறை கேட்பவர்களுக்கு இவற்றில் சில விநோதமாகத் தெரியும். கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால், நம்மூர் பெரியவர்கள் சொல்வது மாதிரியே இருக்கும். களத்தில் தானியம் மிதிக்கும் மாட்டுக்கு வாய்க்கூடு போடக் கூடாது. உழைக்கும் மாடு ஒரு வாய் தின்றுவிட்டுப் போகட்டும் என்கிறது ஒரு சட்டம். புது வீடு கட்டினால் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் வைக்க வேண்டும்; யாராவது விழுந்தால் பழி வீட்டுக்காரருக்கு. பறவைக் கூட்டைக் கண்டால் குஞ்சையும் தாயையும் சேர்த்துப் பிடிக்கக் கூடாது; தாயைப் பறக்க விட்டுவிட வேண்டும்.

துணிக்குக்கூட சட்டம் உண்டு. ஆட்டு ரோமமும் லினனும் கலந்த உடையை யூதர்கள் உடுத்தக் கூடாது. கோட்டின் காலருக்குள் லினன் வைத்துத் தைத்திருக்கிறார்களா என்று நூலைப் பிரித்து மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொல்லவே பல நாடுகளில் பரிசோதனைக் கூடங்கள் இருக்கின்றன. பருத்திக்கு இந்தத் தடை இல்லை. அதனால் திருப்பூர் பனியனுக்குப் பிரச்னையில்லை!

யூதர்கள் நமக்கு அப்படியொன்றும் தூரத்து ஆட்களும் இல்லை. பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் வரும் கொச்சியில், மட்டாஞ்சேரி யூத ஆலயம் 1568-ல் கட்டப்பட்டது. கோயிலுக்குள் போவது மாதிரியே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அங்கே உள்ளே போக வேண்டும். பல நூறு ஆண்டுகள் அங்கே வாழ்ந்தவர்களில் பெரும்பாலானோர் 1950-களில் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள்.

சரி, விக் விஷயத்துக்கு வருவோம்.

தலையை மறைக்கச் சொல்லும் சட்டம்

கட்டுப்பாடாக வாழும் யூதக் குடும்பங்களில், திருமணமான பெண் தன் தலைமுடியை வெளியாருக்குக் காட்டக் கூடாது. 'பெண்ணே, முடியை மறைத்துக்கொள்' என்று தோராவில் நேரடியாக ஒரு வரி கிடையாது. மனைவி மேல் கணவனுக்குச் சந்தேகம் வந்தால், அவளைக் குருவிடம் அழைத்துப் போய் ஒரு சடங்கு நடத்துவதைப் பற்றி எண்ணாகமம் 5-ம் அதிகாரம் சொல்கிறது. அந்தச் சடங்கில் குரு அவளுடைய தலைமுடியை அவிழ்த்துவிடுவார். 'அப்போது அவிழ்த்தார் என்றால், மற்ற நேரத்தில் அது மூடித்தானே இருந்திருக்க வேண்டும்?' என்று பிற்கால அறிஞர்கள் கேட்டார்கள். அந்த ஒரு கேள்வியிலிருந்து பிறந்ததுதான் இந்தச் சட்டம். யூதச் சட்ட விவாதங்களின் தொகுப்பான தல்மூத்தில் இது பதிவாகியிருக்கிறது.

எப்படி மறைப்பது? சிலர் துணி கட்டுவார்கள். சிலர் தொப்பி போடுவார்கள். ஐரோப்பிய மரபில் வந்த யூதப் பெண்கள் பலர் விக் வைக்கிறார்கள். அதை ஷைட்டல் என்பார்கள். சொந்த முடியை மறைக்க இன்னொருவர் முடியா என்று உங்களுக்குச் சிரிப்பு வரலாம். யூதர்களுக்குள்ளேயே இந்தச் சண்டை உண்டு. இஸ்ரேலின் செல்வாக்கு மிக்க மதகுருவாக இருந்த ஓவாடியா யோசெஃப், விக்கே கூடாது என்று கடைசிவரை சொன்னவர். மற்றவர்களோ, 'சட்டம் சொல்வது அவளுடைய சொந்த முடியைத்தான். அது மறைந்திருந்தால் போதும்' என்றார்கள்.

விக் வைக்கும் பெண்ணுக்கு அது அலங்காரப் பொருள் இல்லை. வெளியே கிளம்பும்போதெல்லாம் தேவைப்படும் ஒன்று. இயற்கையாகத் தெரிய வேண்டும் என்றால் மனித முடிதான் வேண்டும். அதற்கு உலகம் பார்த்த இடம் இந்தியா.

மொட்டையிலிருந்து மார்க்கெட் வரை

பழநி, திருப்பதி போன்ற பெரிய கோயில்களில் சேரும் முடியை நிர்வாகம் தரம் பிரித்து ஏலம் விடுகிறது. நீளமான பெண்களின் முடிக்குத்தான் நல்ல விலை. வேரோடு ஒட்ட மழிப்பதால் அத்தனை இழைகளும் ஒரே திசையில் படிந்திருக்கும், சிக்கு விழாது. வியாபாரிகள் இதை 'ரெமி' முடி என்கிறார்கள். சாயம், கெமிக்கல் அதிகம் படாத முடி என்பதால் கூடுதல் மதிப்பு. ஆண்களின் குட்டை முடிகூட வீணாவதில்லை. எல்-சிஸ்டைன் என்ற அமினோ அமிலம் எடுக்க அது பயன்படுகிறது.

ஏலம் எடுத்தவர்களிடமிருந்து முடி ஏற்றுமதியாளருக்குப் போகும். கழுவி, சிக்கெடுத்து, அங்குலக் கணக்கில் கட்டுக்கட்டாகக் கட்டி வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். அங்கே இன்னொருவர் சாயம் ஏற்றுவார். வேறொருவர் விக் தைப்பார். கடைக்கு வந்து சேரும்போது அது பழநியில் இறக்கிய முடியா, திருப்பதியில் இறக்கியதா, வீட்டில் சீப்பில் உதிர்ந்ததா என்று யாராலும் பார்த்துச் சொல்ல முடியாது.

எரித்தே ஆக வேண்டுமா?

தோராவின் மிகக் கடுமையான சட்டங்களில் ஒன்று, வேறு தெய்வத்துக்குப் படைத்த பொருளைப் பற்றியது. அதை யூதர் தொடக் கூடாது என்பதோடு முடிவதில்லை. அதனால் எந்தப் பலனும் அடையக் கூடாது. அணியக் கூடாது, விற்கக் கூடாது, அடுத்தவருக்கு இனாமாகக் கொடுக்கவும் கூடாது. அழித்துவிட வேண்டும். உபாகமம் 7-ம் அதிகாரம் இதைச் சொல்கிறது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. யூத உணவுச் சட்டத்தில், ஆகாத பொருள் தவறுதலாக ஒரு துளி கலந்துவிட்டால், பல நேரம் 'மிகக் குறைவுதானே' என்று விட்டுவிட வழி இருக்கிறது. படையல் பொருளுக்கு அந்தச் சலுகை இல்லை. ஐரோப்பிய முடியில் செய்த விக்கில் ஒரு கொத்து கோயில் முடி கலந்து, பிரிக்க முடியாமல் போனாலும் மொத்த விக்குக்கும் தடைதான்.

ஆக, எல்லாமே ஒரே ஒரு கேள்வியில் வந்து நின்றது. கோயிலில் இறக்கும் முடி, தெய்வத்துக்குப் படைத்த பொருளா, இல்லையா?

லண்டனிலிருந்து ஒருவர் வந்தார்

இந்தக் கேள்வி 2004-ல் புதிதாக முளைத்ததில்லை. அதற்குச் சுமார் 15 ஆண்டுகள் முன்பே ஜெருசலேமின் ரபி யோசெஃப் ஷாலோம் எல்யாஷிவிடம் இது போயிருந்தது. ரபி என்றால் யூத மதகுரு. தன் காலத்தின் மிகப் பெரிய சட்ட அறிஞர்களில் ஒருவராகப் பலராலும் மதிக்கப்பட்டவர் அவர். அப்போது அவருக்குக் கிடைத்த தகவல்படி, முடி எடுப்பது படையல் இல்லை என்று புரிந்ததால் தடை விதிக்கவில்லை.

2004-ல் கேள்வி திரும்ப எழுந்தது. இந்த முறை நேரில் பார்த்து வர லண்டனைச் சேர்ந்த ரபி ஆரோன் டேவிட் டன்னர் இந்தியா வந்தார். திருமலைக்குப் போனார். முடி எடுக்கும் இடத்தைப் பார்த்தார். அங்கே என்ன நடக்கிறது, எதற்காக என்று விசாரித்தார். திரும்பிப் போய், இது தெய்வ வழிபாடுதான் என்று எல்யாஷிவிடம் சொன்னார். அதை ஏற்றுக்கொண்ட எல்யாஷிவ், இந்தியக் கோயில் முடியில் செய்த விக்கைப் பயன்படுத்தக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னார்.

அடுத்த சில நாள்களில் ப்ரூக்லினிலும் இஸ்ரேலின் பினே பிராக்கிலும் தீ எரிந்தது. விக் வைத்துக்கொண்டிருந்த பெண்கள் துணிக்கும் தொப்பிக்கும் மாறினார்கள். செயற்கை இழை விக்குகளுக்குத் திடீர் கிராக்கி. விக் கடைக்காரர்கள், தங்கள் சரக்கு எந்த நாட்டு முடி என்று நிரூபிக்க அலைந்தார்கள். சிறுகச் சிறுகச் சேர்த்த காசில் வாங்கிய விக்கைச் சட்டத்துக்காக ஒரே நாளில் தூக்கிப் போட்ட பெண்களின் மனசு எப்படி இருந்திருக்கும்?

'காணிக்கை'யா... 'இறக்குவதா'?

எல்லா ரபிகளும் இந்தத் தீர்ப்பை ஏற்கவில்லை. எதிர்த் தரப்பின் வாதமும் சாதாரணமானதில்லை. தல்மூத் கணக்குப்படி, ஒரு பொருள் படையலாக வேண்டும் என்றால், அந்தக் காலத்து ஜெருசலேம் ஆலயத்தில் பலி கொடுத்ததைப் போன்ற ஒரு செயல் அங்கே நடக்க வேண்டும். முடியை மழிப்பவர் கூலிக்கு வேலை செய்பவர். மழிப்பது சந்நிதியில் இல்லை, தனி மண்டபத்தில். மழித்த முடியை யாரும் சுவாமி முன்னால் கொண்டுபோய் வைப்பதும் இல்லை. பக்தர் தன் ஆணவத்தையும் அழகையும் களைந்துவிட்டுச் சுத்தமாகச் சுவாமியைப் பார்க்கப் போகிறார். அப்படியானால் முடி என்பது காலணியைப் போல வெளியே கழற்றிவிட்டுப் போகும் ஒன்றுதானே? இது அவர்கள் கேள்வி.

தடை சொன்னவர்களின் பதில்: வீட்டுப் பக்கத்திலேயே சலூன் இருக்கும்போது, ஒருவர் இத்தனை தூரம் வந்து, சுவாமி பெயரைச் சொல்லிக்கொண்டு தலையைக் கொடுக்கிறார் என்றால், அந்த மழிப்பே வழிபாடுதான்.

பழநியை வைத்து யோசித்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருப்பது புரியும். முடி இறக்குவது மலையடிவாரத்தில். சுவாமி இருப்பது மலை உச்சியில். அங்கே நிற்பவரோ எல்லாவற்றையும் துறந்த ஆண்டி. மழித்த தலையோடு, கையில் தண்டத்தோடு நிற்கிறார். அவரைப் பார்க்கப் போகிறவர் தானும் தலையை மழித்துக்கொண்டு போகிறார். இது 'கொடுப்பது' என்பதைவிட, 'அவரைப் போல ஆவது' என்றுதான் தோன்றும். திருமலையில் சொல்லப்படும் கதை வேறு. இடையன் அடித்த அடியில் சுவாமியின் தலையில் ஓரிடத்தில் முடி போய்விட, நீளாதேவி தன் கூந்தலையே வெட்டிக் கொடுத்தாராம். பக்தர்கள் கொடுக்கும் முடி அதன் தொடர்ச்சி என்பார்கள். இது கொடுப்பதேதான்.

நம் பேச்சிலும் இந்த இரண்டு விடையும் இருக்கிறது. 'முடிக்காணிக்கை' என்கிறோம். காணிக்கை என்றால் சுவாமிக்குச் செலுத்துவது. அதே வாயால் 'முடி எறக்கறது' என்றும் சொல்கிறோம். இறக்குவது பாரத்தை. தலைச்சுமையை இறக்கி வைத்த மாதிரி, வேண்டுதல் சுமையை இறக்கி வைக்கிறோம். ரபிகள் பக்கம் பக்கமாக விவாதித்த விஷயத்துக்கு, நம் பாட்டிகள் இரண்டு வார்த்தை வைத்திருக்கிறார்கள். இரண்டையும் ஒரே மூச்சில் பயன்படுத்துகிறார்கள்.

அங்கேயும் மொட்டை உண்டு!

இன்னொரு சுவாரஸ்யம். கோயில் முடியைத் தடை செய்த அதே வேதத்தில், முடியை வைத்து ஒரு நேர்த்திக்கடன் இருக்கிறது. எண்ணாகமம் 6-ம் அதிகாரத்தில் வரும் நசரேய விரதம் அது. விரதம் இருப்பவர், ஆணோ பெண்ணோ, மது குடிக்கக் கூடாது. திராட்சைப்பழம்கூடத் தின்னக் கூடாது. துக்க வீட்டில் பிணத்தின் பக்கம் போகக் கூடாது. முடி வெட்டக் கூடாது. நாள் முடிந்ததும் ஆலய வாசலுக்கு வந்து தலையை மழித்து, அந்த முடியைப் பலியின் கீழே எரியும் நெருப்பில் போட வேண்டும். மாலை போட்டு, விரதம் இருந்து, முடி வளர்த்து, கோயிலில் போய் இறக்கும் நமக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. கி.பி. 70-ல் ரோமானியர்கள் ஜெருசலேம் ஆலயத்தை இடித்துவிட்டதால், இந்த விரதத்தை முறைப்படி முடிக்க இன்று இடமில்லை.

குழந்தைக்கு முதல் முடி எடுப்பதும் அவர்களிடம் உண்டு. கட்டுப்பாடான பல யூதக் குடும்பங்களில் ஆண் குழந்தைக்கு 3 வயது வரை கத்திரியே வைப்பதில்லை. 3 வயதானதும் சொந்தபந்தம் கூடி, ஆளுக்குக் கொஞ்சம் வெட்டிக் கொண்டாடுவார்கள். இஸ்ரேலில் மெரோன் என்ற ஊரிலுள்ள ஒரு மகானின் சமாதியில் இதற்காகவே பெருங்கூட்டம் கூடும். நட்ட மரத்தின் பழத்தை முதல் 3 ஆண்டுகள் தின்னக் கூடாது என்று தோராவில் ஒரு சட்டம் இருக்கிறது. குழந்தையும் அந்த மரம் மாதிரிதான் என்று இந்த வழக்கத்துக்கு விளக்கம் சொல்கிறார்கள். காதோரத்து முடியை மட்டும் விட்டுவிடுவார்கள். அதை மழிக்க வேதத்தில் தடை. நம் ஊரில் குலதெய்வக் கோயிலில் தாய்மாமன் மடியில் உட்கார வைத்து மொட்டை போட்டுக் காது குத்துகிறோமே, கிட்டத்தட்ட அதே குதூகலம்.

துக்கத்தில் மட்டும் நேரெதிர். இங்கே அப்பாவுக்குக் கொள்ளி வைக்கும் மகன் மொட்டை போடுகிறான். அங்கே இறந்தவருக்காகத் தலையை மழிப்பதை வேதமே தடுக்கிறது. துக்கம் காக்கும் 30 நாளும் யூதர்கள் முடி வெட்டாமல் இருப்பார்கள். பெற்றோருக்கு என்றால் இன்னும் அதிக நாள்.

சவரி முடிக்குத் தடையில்லை

தீர்ப்புக்குப் பிறகு முடி வியாபாரம் நின்றுவிடவில்லை. வழிதான் மாறியது. எங்கே வாங்கிய முடி என்று கண்காணித்து, ரபிகள் சான்று கொடுத்த விக்குகள் கடைக்கு வந்தன. உணவுப் பாக்கெட்டில் 'கோஷர்' முத்திரை இருப்பது மாதிரி, விக்குக்கும் முத்திரை!

சட்டப்படி பார்த்தால் ஒரு வேடிக்கை. தலை சீவும்போது உதிர்ந்த முடியைச் சுருட்டிக் கதவிடுக்கில் செருகி வைத்து, தெருவில் வருபவரிடம் ஊசிக்கும் பாத்திரத்துக்கும் போடுவார்களே, அந்தச் சவரி முடிக்கு இந்தத் தடை பொருந்தாது. அதை யாரும் எந்தச் சுவாமிக்கும் வேண்டிக்கொள்ளவில்லை. கோயிலில் இறக்கிய முதல் தர முடி கூடாது. கதவிடுக்கு முடி கூடும். தரம் பார்ப்பது வியாபாரம். யாருக்காகக் கொடுத்தார்கள் என்று பார்ப்பது சட்டம்.

தமிழகக் கோயில்களில் முடி எடுக்கக் கட்டணம் இல்லை என்று 2021 செப்டம்பரில் அரசு அறிவித்தது. முடி விற்ற பணம் கோயில் கணக்குக்குப் போகிறது. அதில் தவறேதும் இல்லை. ஆனால், மழித்த நிமிடத்திலிருந்து அந்தக் கூந்தலின் பயணத்தை வரிசையாக யோசியுங்கள். ஏலத்தில் அது எடை. ஏற்றுமதியில் அங்குலம். விக் கடையில் நிறமும் விலையும். இந்த வரிசையில் யாருமே, 'இதைக் கொடுத்த பெண் என்ன நினைத்துக் கொடுத்தாள்?' என்று கேட்பதில்லை.

அதைக் கேட்டது அந்த யூதச் சட்டம்தான். அதிலும், தடையில்லை என்று சொன்ன ரபிகள் 'அது கழித்துப் போட்டது' என்றார்கள். தடை போட்ட எல்யாஷிவோ, 'அவள் அதைத் தன் தெய்வத்துக்குத்தான் கொடுத்தாள்' என்றார். நம் வழிபாட்டை அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனால், பிள்ளைக்கு உடம்பு சரியாக வேண்டுமென்று இடுப்புவரை வளர்ந்த கூந்தலைக் கொடுத்துவிட்டு வந்த ஓர் அம்மாவின் வேண்டுதலை, அது வெறும் முடி இல்லை என்பதை, அந்த நீண்ட வரிசையில் அப்படியே நம்பியவர் அவர்தான்.